மின்சுற்றும் மரப்பெட்டியும்

கல்லூரிகளில் நடைபெறும் விஞ்ஞானக் கண்காட்சிகளுக்குச் சென்றுவரும் பழைய மாணவர் யாவரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். நீண்ட மேசையொன்றின்மீது மாணவர் தம் கையாற் செய்த இலத்திரனியற் கருவிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஒன்று மண்ணின் ஈரத்தை அளக்கும். ஒன்று தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மணியடிக்கும். மற்றொன்று எங்கோ பாடும் பாட்டைப் பிடித்து நம் காதிற் போடும். செய்தவர்களின் அறிவை வியவாதிருக்க முடியாது. ஆயினும் அக்கருவிகளுட் பெரும்பாலானவை உடையின்றி நிற்கும். சுற்றுப்பலகை ஒருபால், மின்கலம் ஒருபால், இவ்விரண்டையும் இணைக்கும் கம்பிகள் நூடில்ஸ் போல் நடுவே; இவை யாவும் ஓர் அட்டைத் துண்டின்மேல் ஒட்டுநாடாவின் தயவில் உயிர்வாழும். கண்காட்சி முடிந்து மேசை தூக்கப்படும்போதே ஒரு கம்பி அறும். ஆண்டிறுதியில் அது ஆய்வுகூட அலுமாரியின் அடித்தட்டிற் பல்லிக்கு வீடாகிவிடும்.

இதனை ஒரு சிறு குறை என்று தள்ளிவிடுவோர் உளர். சுற்றுத்தான் விஞ்ஞானம், பெட்டி வெறும் அலங்காரம், அது ஓடாவியின் வேலை என்பது அவர்தம் வாதம். நாம் அதற்கு உடன்படோம். ஒரு மின்சுற்றுக்குத் தக்க பெட்டியைத் தானே அளந்து, தானே அறுத்து, தானே பொருத்தாத மாணவன் தன் கருவியைப் பாதியளவே அறிந்தவன் என்பது எம் துணிபு. இத்துணிபுக்குரிய காரணங்களைச் சிறிது விரித்துரைக்க யூபிலி மலரின் ஆசிரியர் எமக்கு இடந்தந்தமைக்கு நன்றியுடையோம்.

இலங்கையில் வானொலி பிறந்ததே கைவேலையினால் என்பதை இன்றைய மாணவர் அறிதல் வேண்டும். 1921 இல் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இங்கு வந்த எட்வேட் ஹாப்பர் என்பார், முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பொறிகளைப் பிரித்தெடுத்து, திணைக்களத்துப் பொறியியலாளர் துணையோடு ஓர் ஒலிபரப்பியைக் கட்டினார். 1923 இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசை பரீட்சார்த்தமாக ஒலிபரப்பாயிற்று. 1925 டிசெம்பர் 16 இல் தேசாதிபதி சேர் ஹியூ கிளிஃபோட் கொழும்பு வானொலியை முறைப்படி தொடக்கிவைத்தார். கடையில் வாங்க முடியாததைக் கிடைத்ததைக்கொண்டு செய்தனர். ஆசியாவின் முன்னோடி நிலையங்களுள் ஒன்று அவ்வாறு எழுந்தது.

அக்காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டிலிருந்தே வானொலி கட்டிய இளைஞர், அடுக்களையிற் கிடந்த பாண் வெட்டும் பலகையை எடுத்து அதன்மேல் உறுப்புகளை ஆணியால் இறுக்கினர். இன்று நம் மாணவர் துளைகள் நிறைந்த வெள்ளைப் பிளாத்திக்குப் பலகையிற் சுற்றுகளைச் சோதித்துப் பார்க்கின்றனரே, அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் பாண் பலகை என்பதே. பெயர் நின்றது, மரம் போயிற்று. சோதனை முடிந்தபின் அன்றைய இளைஞர் அப்பலகைக்கு ஒரு பெட்டியும் செய்தனர். இன்று சோதனையோடு வேலை முடிந்துவிடுகின்றது.

வால்வு வானொலிக் காலத்தவர்க்கு மரப்பெட்டியின் மாண்பை நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. கூடத்து மேசையில், பூவேலை செய்த துணியொன்று போர்த்த பெட்டி. முன்னே வலைத்துணி, அதன் பின்னே ஒலிபெருக்கி. பின்புறத்தே துளைகளிட்ட தடித்த அட்டை. சிறுவராய் இருந்தபோது அத்துளைகளூடே செந்நிறமாய் ஒளிரும் வால்வுகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர் பலர். அத்துளைகள் அழகுக்காக இடப்பட்டவையல்ல. வால்வுகளின் வெப்பம் வெளியேறுதற்கு அமைக்கப்பட்ட வாயில்கள். பெட்டியின் ஒவ்வொரு பகுதிக்கும் அவ்வாறே ஒரு காரணம் இருந்தது.

அக்காரணங்களுள் முதன்மையானது ஒலி பற்றியது. நான்கங்குல ஒலிபெருக்கி ஒன்றை வெறுமனே மேசைமேல் வைத்துப் பாடவிட்டால், அது தகரத்திற் கல் விழுந்தாற்போல் ஒலிக்கும். கூம்பு முன்னோக்கி அசையுங்கால் முன்னுள்ள காற்று நெருங்குகின்றது. அதே கணத்திற் பின்னுள்ள காற்று ஐதாகின்றது. இவ்விரு அலைகளும் கூம்பின் விளிம்பைச் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. நொடிக்கு 100 அதிர்வு கொண்ட தாழ்ந்த சுரமொன்றின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீற்றர். அத்துணை நீண்ட அலைக்கு நான்கங்குல விளிம்பு ஒரு தடையே அன்று. பெட்டியொன்றினுள் அதே ஒலிபெருக்கியை இறுக்கி அடைத்துவிட்டால் பின்னலை முன்னலையைச் சந்திக்க முடியாது. மத்தளத்தின் தொப்பி அப்போதுதான் காதில் விழும். இதனைப் பாடநூலிற் படித்த மாணவன் பரீட்சைக்கு எழுதி மறப்பான். தன் கையாற் பெட்டி செய்து, கடைசித் திருகாணியை முறுக்கிய கணத்திற் குரல் மாறுவதைக் கேட்டவன் மறக்கமாட்டான்.

இவ்விடத்திற் காரைதீவின் நினைவு வருவது இயல்பே. எமது தம்பிலுவிலிலிருந்து கடற்கரை வழியே வடக்கு நோக்கிச் சென்றால் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர் ஆகிய ஊர்களைக் கடந்து காரைதீவை அடைவோம். 1892 இல் அங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் பயின்று, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்று, விஞ்ஞான ஆசிரியராய்ப் பணியாற்றியவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதருமானார். வழக்கிறந்துபோன யாழைச் சங்க நூல்களின் சொற்களிலிருந்தும் ஒலியியற் கணக்கிலிருந்தும் மீட்க அவர் முயன்றதன் பயனே 1947 இல் வெளிவந்த யாழ் நூல். நரம்பின் நீளத்தைப் பேசிய அவர் பத்தரையும் பேசினார். நரம்பு மெல்லொலி எழுப்பும், மரத்தாலான பத்தரே அதனை அவைக்குக் கேட்கச்செய்யும். யாழின் பத்தரும் வானொலியின் பெட்டியும் உடன்பிறந்தாரைப்போல் தோன்றினும் குணத்தில் மாறுபட்டவை. பத்தர் தானும் அதிர்தல் வேண்டும், ஆதலின் அது மெலிந்து வேகும். வானொலிப் பெட்டியோ தான் அதிரலாகாது. அதிர்ந்தாற் பாடகன் குரலோடு பலகையின் குரலும் கலந்து இரையும். ஆகவே அதற்குத் தடித்த பலகையும் குறுக்குச் சட்டமும் வேண்டும். விஞ்ஞானமும் தமிழும் தச்சும் ஒரே மேசையில் அமரக்கூடியவை என்பதற்கு எமது கரையிலேயே இத்தகையதொரு சான்றிருக்க, ஓடாவி வேலையென இகழ்வது எங்ஙனம் தகும்?

மற்றொரு காரணம், மரம் வானொலி அலையைத் தடுப்பதில்லை என்பது. தம்பிலுவில் மாணவன் ஒருவன் மத்திய அலை வானொலியொன்றைத் திறம்பட அமைத்து, அழகான விசுக்கோத்துத் தகரப் பெட்டியொன்றில் அடைத்தான். மேசைமேற் பாடிய வானொலி தகரத்துள் ஊமையாயிற்று. இரு நாட்கள் பற்றாசுகளை எல்லாம் திரும்பத் திரும்பச் சூடாக்கிப் பார்த்துச் சோர்ந்துபோனபின் எம்மிடம் வந்தான். பிழை சுற்றில் இல்லை. உள்ளே இருந்த பெரைற்றுக் கோல் அலைக்கம்பியை உலோகம் நாற்புறமும் சூழ்ந்து அலையை வழியிலேயே மறித்துவிட்டது. அதே சுற்று மறுநாள் மரப்பெட்டியிற் பாடிற்று. கம்பியில்லா இணைப்புள்ள இன்றைய சிறு கணிப்பொறிப் பலகைகளுக்கும் இது பொருந்தும். எனினும் நுண்ணொலியை விரியலாக்கும் கருவிக்கு உலோகக் கவசம் வேண்டும்; இன்றேல் வீட்டு மின்கம்பிகளின் இரைச்சல் உட்புகும். மரப்பெட்டியின் உட்புறத்தில் அலுமினியத் தாளை ஒட்டி அதனைச் சுற்றின் பொது முனையோடு இணைத்தால் அது தீரும். பழைய தேயிலைப் பெட்டிகளை உடைத்துக் கருவி செய்தவர்க்கு இவ்வசதி தானாகவே கிடைத்தது. ஒட்டுப்பலகையின் உட்புறத்தில் ஈயத்தாளோ அலுமினியத் தாளோ முன்னரே இருந்தது. அப்பெட்டிகள் இன்று கடதாசிப் பைகளுக்கு இடங்கொடுத்து மறைந்தன.

அந்த மாணவனை நாம் அக்கரைப்பற்றிலுள்ள முஸ்லிம் ஓடாவியார் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவன் கொண்டுவந்த அளவுகளைப் பார்த்துவிட்டு, "தம்பி, பெட்டிய முதல்ல கட்டிப்போட்டு சாமான அடைக்கப் பாக்காத. சாமான பரப்பி வெச்சு அதச் சுத்திப் பெட்டிய வளர்த்துக்கொள்" என்றார். "சரி காக்கா" என்று அவன் குந்தி இருந்து, தாளொன்றின்மேல் உறுப்புகளைப் பரப்பி உள்ளளவை எடுத்தான். பொறியியற் கல்லூரிகளில் முதலாண்டிற் கற்பிக்கும் பாடம் அந்த மரத்தூளின் நடுவே ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டு பிற்பகல் அவன் அங்கே போய்வந்தான். இரு சமூகத்து இளைஞரும் முதியோரும் ஒருவர் பட்டறைக்கு மற்றவர் போவது எமது கரையில் எக்காலத்தும் இலகுவாய் இருந்ததில்லை என்பதை அறிந்தவர்கள் இதன் மதிப்பை அறிவர்.

இனி, செய்முறை பற்றியும் சில சொல்லாமற் போகலாகாது. கடலோரத்தவர்க்கு மரமும் உலோகமும் தனிப்பட்ட துன்பந் தருவன. மாரிக்காலத்திற் பலகை ஈரத்தை உறிஞ்சி அகலவாட்டிற் பருக்கும். கச்சான் காற்று வீசுங்காலத்தில் வறண்டு சுருங்கும். நீளவாட்டில் அவ்வளவு மாற்றமில்லை. ஆகவே அகன்ற தனிப்பலகையை நான்கு பக்கமும் பசையிட்டு இறுக்கினால் அது ஒருநாள் வெடித்தே தீரும். முகப்புக்கும் முதுகுக்கும் ஒட்டுப்பலகையைக் கொண்டு, பக்கங்களுக்கு மட்டும் அரையங்குலப் பலகையைக் கொள்வது நன்று. முதிரையும் தேக்கும் கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனாற் கையில் உள்ள காசுக்கு வேம்போ மகோகனியோ போதும். ஓடாவிப் பட்டறைகளில் ஒரு முழத் துண்டுகள் விறகாகக் கிடக்கின்றன. இரும்புத் திருகாணிகள் உப்புக்காற்றில் ஓராண்டிற் கறல்பிடிக்கும். சிறிது கூடக் கொடுத்துப் பித்தளைத் திருகாணி வாங்குக. சுற்றுப்பலகையின் செப்புக்கோடுகளும் பச்சை பூக்கும். பற்றாசு வைத்தபின் மெல்லிய வாணிசு ஒருகை பூசிவிட்டால் நெடுநாள் நிற்கும்.

முதுகுப் பலகையைப் பசையால் ஒட்டிவிடும் பிழையைப் புதியோர் பலர் செய்கின்றனர். திறக்க முடியாத கருவி திருத்த முடியாத கருவி. திருகாணியே அதற்கு உரியது. மற்றொன்று, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகியின் கழுத்து கால் அங்குலமளவே இருக்கும். அரையங்குலப் பலகையில் துளையிட்டால் அதன் சுரை மறுபுறம் எட்டாது. முகப்பு மெல்லிதாக இருக்கவேண்டும், அல்லது அவ்விடத்தை உள்ளிருந்து உளியாற் குடைதல் வேண்டும். இதை அறியாமல் நல்ல பலகையைத் துளைத்துவிட்டுக் கலங்கிநிற்பவரை நாம் கண்டிருக்கின்றோம்.

வெப்பக் கணக்கையும் மாணவனே போடல் வேண்டும். 12 வோல்ற்றை 5 வோல்ற்றாக்கும் சாதாரண சீராக்கி ஒன்றினூடு அரை அம்பியர் ஓடினால், 7 வோல்ற்றும் அரை அம்பியரும் பெருகி 3.5 வாற்று வெறும் சூடாகின்றது. மூடிய பெட்டிக்குள் அது சிறிதன்று. அடியிற் சில துளைகளும் மேலே சில துளைகளும் இட்டால் வெப்பக் காற்று மேலெழுந்து போக, குளிர்காற்று கீழே புகும். அத்துளைகளின் உட்புறத்தில் நுளம்புவலைத் துண்டொன்றை ஒட்டாவிட்டால் எறும்பும் பல்லியும் குடியேறும்; சுற்றின் இரு முனைகளில் ஒருங்கே கால்வைத்த பல்லி தானும் மாண்டு கருவியையும் மாய்க்கும்.

இவற்றை எல்லாம் விட முக்கியமானதொன்றை அழுத்திச் சொல்கின்றோம். எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று. அது கொல்லும். திறந்துகிடக்கும் சுற்றில் அம்மின்னோட்டத்தை நேரே கொண்டுவரும் மாணவனைக் கண்டால் ஆசிரியர் அப்பொழுதே தடுத்தல் வேண்டும். மரம் காய்ந்திருக்கும்போது மின்கடத்தாது என்பது உண்மை, நனைந்த மரம் அவ்வாறன்று, தீயும் பற்றும். ஆதலின் வீட்டு மின்சாரம் மரப்பெட்டியினுட் புகவேண்டாம் என்பதே எமது விதி. தரச்சான்று பெற்ற மாற்றியொன்று சுவரிலேயே நின்று 9 அல்லது 12 வோல்ற்றை மாத்திரம் கம்பிவழி அனுப்பட்டும்; உள்ளே ஓர் உருகியும் இருக்கட்டும். உயர்ந்த மின்னழுத்தம் உள்ளே வந்தேயாகவேண்டிய கருவிக்குப் புவித்தொடுப்புள்ள உலோகப் பெட்டியே தக்கது, அதுவும் தேர்ந்த ஆசிரியரின் கண்முன்னே. மரப்பெட்டியின்மேல் எமக்குள்ள பற்று ஓர் உயிரினும் பெரிதன்று.

"பிளாத்திக்குப் பெட்டி கடையிற் கிடைக்கின்றதே, முப்பரிமாண அச்சுப்பொறியிலும் பெட்டி வார்க்கலாமே" என்று கேட்போர்க்கு நாம் மறுப்புச் சொல்லவில்லை. வெட்டவெளியில் மழையளக்கும் கருவிக்கு நீர்புகாப் பிளாத்திக்கே மேல். மரத்தை அங்கே வைப்பது கறையானுக்கு விருந்து. ஆயின், வாங்கிய பெட்டிக்கேற்பக் கருவியைச் சுருக்கும் மாணவனும், கருவிக்கேற்பப் பெட்டியைச் செய்யும் மாணவனும் ஒரே பாடத்தைக் கற்கவில்லை. அமெரிக்காவில் 1976 இல் ஆப்பிள் நிறுவனத்தின் முதற் கணிப்பொறி 666.66 டொலருக்கு விற்கப்பட்டபோது, அது பெட்டியில்லாத வெறுஞ் சுற்றுப்பலகையாகவே வந்தது. வாங்கியோர் சிலர் தாமே மரப்பெட்டி செய்து அதனை அடைத்தனர். அவ்வாறு கைவேலையாய் அமைந்த மரப்பெட்டியோடு கூடிய பொறியொன்று இன்று வாஷிங்ரனிலுள்ள சிமித்சோனியன் காட்சிச்சாலையிற் பேணப்படுகின்றது. பெட்டி கட்டியோரை அங்கு எவரும் ஓடாவி என்று ஒதுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தார்க்கோ இவ்வாதம் அனுபவமே. 1990 இன் நடுப்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் அற்றது. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. அவ்வாண்டுகளிற் சைக்கிளின் டைனமோவைக் கையாலும் காலாலும் சுழற்றி வீடுகளில் வானொலி கேட்டனர். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவது நேரோட்டம். நான்கு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் கொண்ட சிறுசுற்று இடையில் நின்று அவ்வேலையைச் செய்யும். செய்திக்காகக் காத்திருந்த ஒரு சமுதாயத்துக்கு அச்சிறுசுற்று பாடநூலின் படம் அன்று. எமது கரையிலும் 1978 நவெம்பர் 23 இரவு வீசிய சூறாவளி கிழக்கைச் சாய்த்தபோதும், 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை ஊர்களை வாரிச்சென்றபோதும் முதலில் அற்றுப்போனவற்றுள் மின்கம்பியும் ஒன்று. மின்கலத்தில் இயங்கி, கைதவறி விழுந்தாலும் உடையாமல், எவரும் திருகாணிமுறுக்கி ஒன்றுடன் திறந்து திருத்தக்கூடிய வானொலி ஒவ்வோர் ஊரிலும் சில இருத்தல் எத்துணைப் பயன்! கைப்பேசிக் கோபுரம் சாய்ந்த நாளில் இக்கேள்வியைக் கேட்டுப் பயனில்லை.

கல்வித்திட்டங்கள் இதனைச் சிந்திக்கவில்லை என்று சொல்வது நேர்மையன்று. 1972 இன் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. அப்பத்தாண்டு முடியுமுன்னரே அத்திட்டம் தளர்ந்தது. பெற்றோர், "என் பிள்ளையை ஓடாவியாக்கவா கல்லூரிக்கு அனுப்பினேன்?" என்று கேட்டதும் அதற்கு ஒரு காரணம் என்பது எம் எண்ணம். 2013 இல் உயர்தரத்திலே தொழினுட்பத் துறை தொடங்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆயினும் கணிதமும் விஞ்ஞானமும் பயிலும் மாணவன் இன்னும் உளியைத் தொடாமலேயே பொறியியற் பீடத்துக்குப் போகின்றான். பிரத்தியேக வகுப்புகள் நடுவே அவனுக்கு நேரமில்லை என்பதை நாம் அறியாமல் இல்லை. இரண்டு பிற்பகலைக் கேட்பது கொடுமையன்று என்றே கருதுகின்றோம்.

யூபிலியை முன்னிட்டுப் பழைய மாணவர் கல்லூரிக்குக் கொடை அளிப்பது வழக்கம். பளபளக்கும் திரைகளும் கணிப்பொறிகளும் வந்தவண்ணம் உள்ளன. அவற்றின் பெயர்ப்பலகைகளிற் கொடையாளர் பெயர்களும் பொறிக்கப்படுகின்றன. நன்று. அப்பொருளில் ஒரு சிறு பங்கை ஆய்வுகூடத்துக்கு அடுத்த அறையில் ஒரு தச்சுமேசை அமைக்க ஒதுக்குமாறு நாம் கேட்கின்றோம். வேண்டுவன அதிகமில்லை: பல்லுடைய வாள் இரண்டு, சீவுளி ஒன்று, உளி நான்கு, கொட்டாப்புளி, மூலைமட்டம், கைத்துறப்பணம், இறுக்கிகள் சில, அரத்தாள். பெயர்ப்பலகை பொறிக்கத் தக்க பொருள் எதுவும் இதில் இல்லை என்பதே எமது அச்சம்.

ஊரிலுள்ள ஓடாவியார் ஒருவரை வாரத்தில் ஒரு பிற்பகல் வருவித்து, ஆசிரியர்க்குரிய மதிப்போடு நாற்காலியும் சம்பளமும் கொடுத்தல் வேண்டும். கண்காட்சி மதிப்பெண்களிற் பெட்டிக்கும் ஒரு பங்கிருக்கட்டும். பெட்டியின்றி வந்த கருவி எத்துணைத் திறமையாயினும் முதற்பரிசு பெறலாகாது என்று கல்லூரி ஒரு விதி செய்யட்டும். பரிசு பெற்றவை அடுத்த ஆண்டும் அதே மேசையில் இயங்கிக்காட்ட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டால், அலுமாரியின் அடித்தட்டிலுள்ள பல்லிகள் வேறிடம் தேடிக்கொள்ளும். வீட்டில் தந்தையாரின் சீவுளியோ வாளோ துருவேறிக் கிடக்கக் காணும் பழைய மாணவர், தீட்டுவதற்கு முன்னரே அதனைக் கல்லூரிக்கு அனுப்பிவைக்கலாம். தீட்டப் பழகுவதும் மாணவர்க்கு வேண்டியதே.